வாக்கும் வலையும் – 9
பூட்டு யாருக்கு, சாவி யாரிடம்?

2025 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை. மும்பைக்குப் பக்கத்திலுள்ள கோபர்கைரனேயில் எங்கள் சொசைட்டி வாட்ஸாப் குழுவில், தண்ணீர் டேங்க் கழுவும் அறிவிப்புக்கும் பார்க்கிங் சண்டைக்கும் நடுவே அந்தச் செய்தி வந்து விழுந்தது: இந்தியத் தேர்தலுக்கு அமெரிக்கா 182 கோடி கொடுத்ததாம். இந்தியாவில் வாக்குப்பதிவைக் கூட்டுவதற்கான 2.1 கோடி டாலரை ரத்து செய்துவிட்டோம் என்று ஈலான் மஸ்க்கின் சிக்கனத் துறை அறிவித்திருந்தது. அதன் வால்தான் இது. மதியத்துக்குள் குழு இரண்டுபட்டது. வாங்கியது காங்கிரஸ்தான் என்றார் மூன்றாவது மாடிக்காரர். பத்து வருஷமாக ஆள்கிறவர்கள் கண்ணில் படாமல் எப்படி வந்தது என்றார் முதல் மாடிக்காரர். பணம் வந்ததா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

வந்ததற்கு ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை. அது வங்கதேசத்துக்கு 2022-ல் ஒதுக்கிய தொகை என்று சில நாட்களிலேயே ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ எழுதியது. நம் நிதி அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் அமெரிக்க உதவியோடு நடக்கும் ஏழு திட்டங்கள் இருந்தன. அவற்றில் தேர்தல் சம்பந்தப்பட்டது எதுவுமில்லை. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் எஸ்.ஒய். குரேஷியும் மறுத்தார். ஆனால் வெளியுறவு அமைச்சகம் முதலில் சொன்னது, இது மிகவும் கவலைக்குரியது என்பதைத்தான். அப்படியொரு பணம் வரவில்லை என்ற அமெரிக்கத் தூதரகத்தின் பதிலை அரசு மாநிலங்களவையில் வைக்க ஆகஸ்ட் ஆகிவிட்டது. தன் தேர்தலைப் பற்றிய வதந்திக்குப் பதில் சொல்ல ஓர் அரசுக்கு ஆறு மாதம் ஏன் என்பது என் கேள்வி. பதில் வராதவரை அந்த வதந்தி யாருக்கு உதவியது என்று யோசித்தால் விடை கிடைத்துவிடும்.

அந்நியத் தலையீடு கற்பனை என்று நான் சொல்லவில்லை. 1973 முதல் 75 வரை டெல்லியில் அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிஹான் 1978-ல் ஒரு புத்தகம் எழுதினார். கேரளத்திலும் வங்கத்திலும் கம்யூனிஸ்டுகளைத் தோற்கடிக்க, சிஐஏ இரண்டு முறை காங்கிரசுக்குப் பணம் கொடுத்தது. ஒருமுறை கட்சித் தலைவராக இருந்த இந்திரா காந்தியிடமே கொடுத்தது என்றார். இந்திரா மறுத்தார். சோவியத் உளவுத்துறையிலிருந்து ரகசியக் குறிப்புகளோடு வெளியேறிய மித்ரோகினின் ஆவணங்கள் 2005-ல் வெளியாயின. அந்த உளவுத்துறை காங்கிரசுக்கும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் பணம் கொடுத்ததாக அவை கூறின. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்ததும் இந்திராவின் அரசுதான், 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில். கட்சியும் வேட்பாளரும் மட்டுமல்ல, பத்திரிகையில் கார்ட்டூன் போடுபவர்கூட வெளிநாட்டுப் பணம் வாங்கக் கூடாது என்றது அந்தச் சட்டம்.

அந்தச் சட்டம் கட்சிகளையே பிடித்தபோது நடந்ததுதான் இந்த வாரக் கதை. லண்டன் வேதாந்தாவின் துணை நிறுவனங்களான ஸ்டெர்லைட்டும் சேசாவும் பாஜகவுக்கும் காங்கிரசுக்கும் நன்கொடை கொடுத்திருந்தன. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கமும் முன்னாள் அதிகாரி ஈ.ஏ.எஸ். சர்மாவும் வழக்குப் போட்டார்கள். இரண்டு கட்சிகளும் சட்டத்தை மீறின, நடவடிக்கை எடுங்கள் என்று 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எடுக்கவில்லை. சட்டத்தையே மாற்றினார்கள். வெளிநாட்டு முதலீட்டு வரம்புக்குள் இருந்தால், பாதிக்கு மேல் அந்நியப் பங்கு உள்ள கம்பெனியும் இனி அந்நிய நிறுவனம் ஆகாது என்று 2016 நிதி மசோதாவில் ஒரு வரி சேர்ந்தது. பழைய சட்டத்துக்குப் பதிலாக 2010-ல் வந்த சட்டத்தைத்தான் அது திருத்தியது. அதற்கு முந்தைய பணத்தைக் காப்பாற்றாது என்று தெரிந்ததும், 2018 மார்ச்சில் இன்னொரு திருத்தம் வந்தது. 1976 ஆகஸ்ட் 5 முதல் செல்லும் என்று 42 ஆண்டு பின்தேதி போட்டு, மக்களவையில் கூச்சலுக்கு நடுவே விவாதமே இல்லாமல் நிறைவேற்றினார்கள். இரண்டே மாதத்தில், அதே ஸ்டெர்லைட்டின் ஆலையை எதிர்த்தவர்கள்மீது தூத்துக்குடியில் போலீஸ் சுட்டு 13 பேர் செத்தார்கள். தாராவியிலும் இங்கேயும் அந்த ஜில்லாக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களில் எத்தனை பேருக்கு அந்த மார்ச் மாதத் திருத்தம் தெரியும்?

ஊருக்கு உபதேசம் மட்டும் நிற்கவில்லை. 2020 திருத்தத்தின்படி, வெளிநாட்டு உதவி வாங்கும் திருநெல்வேலி அனாதை இல்லமும் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில்தான் கணக்குத் திறக்க வேண்டும். கட்சிக்குப் பின்வாசல், இல்லத்துக்கு இரும்புக் கதவு. கொடுத்தவர் பெயரை மறைத்துக் கட்சிக்குப் பணம் தர வழிசெய்த தேர்தல் பத்திரத்தை 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2018 திருத்தமோ இன்னும் சட்டத்தில் இருக்கிறது.

பணத்தோடு முடிவதில்லை இது. எங்கள் தானே தொகுதி 2024 மே 20-ல் வாக்களித்தது. அதே மாதத்தில் ஓர் இஸ்ரேலிய நிறுவனம், பாஜகவைத் திட்டியும் காங்கிரசைப் புகழ்ந்தும் செயற்கை நுண்ணறிவால் பின்னூட்டங்கள் தயாரித்திருக்கிறது. பெரிதாக எடுபடவில்லை. ஆனால் அதைக் கண்டுபிடித்து நமக்குச் சொன்னது ஓபன்ஏஐ என்ற அமெரிக்கக் கம்பெனி. பிரான்ஸ் இதற்கென்றே 2021-ல் விஜினும் என்ற அமைப்பை உருவாக்கி, அதன் வேலையைக் கண்காணிக்கத் தனிக் குழுவும் வைத்திருக்கிறது. ருமேனியா வேறு எல்லைக்குப் போனது. டிக்டாக் பிரச்சாரத்தில் அந்நியக் கை என்ற சந்தேகத்தில், 2024 டிசம்பரில் அதிபர் தேர்தலின் முதல் சுற்றையே அங்குள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. மக்கள் போட்ட ஓட்டை நீதிமன்றம் அழிப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் தீர்ப்புக்கு முன்பே உளவு அறிக்கைகளை மக்கள் முன் வைத்தார்களே, அது பின்பற்றத்தக்கது.

இங்கே 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களின் பட்டியலைக் கட்சிகள் ஆண்டுதோறும் தேர்தல் ஆணையத்துக்குத் தர வேண்டும். ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். நீங்கள் ஓட்டுப் போட்ட கட்சியின் பட்டியலை இந்த வாரம் திறந்து பாருங்கள். கம்பெனியின் பெயர், விலாசம், தொகை எல்லாம் இருக்கும். அந்தக் கம்பெனியின் முதலாளி எந்த நாட்டில் இருக்கிறார் என்பது இருக்காது. அதையும் சேர்க்கச் சொல்லி உங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதம் போடுங்கள்.

(தொடரும்)