வலிக்காத புண்ணும் எட்டாத மருத்துவமனையும்

புது தில்லி: காலில் முள் தைத்தால் வலிக்கும், வலித்தால் மருந்து தேடுவோம். வலியே தெரியாவிட்டால்? நீரிழிவு நோயாளியின் காலுக்கு ஆபத்து அங்குதான் தொடங்குகிறது. அந்தமான் நிகோபார் தீவுகளில் அந்த ஆபத்துடன் கடல் தூரமும் சேர்ந்துகொள்கிறது.

ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தால் பாத நரம்புகள் மரத்துப்போகின்றன. ரத்த ஓட்டமும் குறைகிறது. செருப்புக் கடி, சேற்றுப்புண், பவளப்பாறைக் கீறல் என ஏதோ ஒன்றில் தொடங்கும் புண், கிருமி தொற்றி எலும்பு வரை செல்கிறது. நீரிழிவு நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு வரை வாழ்நாளில் என்றேனும் காலில் புண் வரக்கூடும் என்பது மருத்துவ உலகின் மதிப்பீடு. சில நாள் தாமதம்கூட விரலையோ காலையோ பறித்துவிடும்.

அந்தத் தாமதம்தான் தீவுகளில் எளிதில் நேர்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி 31 தீவுகளில் சுமார் 3.8 லட்சம் பேர் வசித்தனர். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில்தான் பெரிய மருத்துவமனையான ஜி.பி. பந்த் மருத்துவமனை உள்ளது. மருத்துவக் கல்லூரி 2015-இல்தான் வந்தது. கிரேட் நிகோபாரின் கேம்ப்பெல் பே அங்கிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பருவமழையில் கப்பல் போக்குவரத்து கடலின் மனநிலையைப் பொறுத்தது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் 1970-களில் ரப்பர் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்தப்பட்ட கச்சல் தீவின் நிலையும் இதுவே.

கணக்கில் விடுபட்ட தீவுகள்

நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-இல் அறிவித்தது. அந்த ஆய்வு நடந்த 31 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களின் பட்டியலில் அந்தமான் இல்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு அங்கும் ரத்த சர்க்கரையை அளந்தது. பாதங்களைப் பரிசோதிப்பது அதன் வேலையன்று.

வழிகாட்டத் தமிழகத்திலேயே முன்னோடி உண்டு. கொல்லிமலையில் பிறந்து வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் சிதைவதற்கு முக்கியக் காரணம் சதை அழுகுவதன்று, வலி உணராமைதான் என்று கண்டறிந்தார். அவர்களுக்காக அங்கு உருவான மென்ரப்பர் செருப்பே இன்று நீரிழிவு நோயாளிகளின் பாதங்களையும் காக்கிறது.

நோயாளிகள் செய்ய வேண்டியதும் எளிது. தினமும் இரவில் பாதத்தையும் விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். கழுவியபின் விரலிடுக்கில் ஈரம் தங்கவிடக் கூடாது. செருப்பை உதறிவிட்டு அணிய வேண்டும். வீட்டிலும், கடற்கரையிலும் வெறுங்கால் கூடாது. கால் ஆணியைத் தாமே பிளேடால் வெட்டுவதும், வெந்நீர் ஒத்தடமும் ஆபத்தானவை. காவடி எடுப்போர் சுடுதரையில் நடக்குமுன் மருத்துவரைக் கேட்பது நலம். கொப்புளமோ, நிறமாற்றமோ, வீக்கமோ தெரிந்தால் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும்.

அரசின் கடமை

ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாதப் பரிசோதனை அவசியம். அதற்கு வேண்டியது மெல்லிய நைலான் இழை ஒன்றும், பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரும்தான். நோயாளி கண்ணை மூடியிருக்க, இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று அறியலாம். 30 வயது கடந்தவர்களுக்காக ஆஷா பணியாளர்கள் நிரப்பும் படிவத்தில் உள்ளங்கால் புண், மதமதப்பு குறித்த கேள்விகள் ஏற்கெனவே உள்ளன. தொழுநோயைக் கண்டறிய வைக்கப்பட்ட அக்கேள்விகளை நீரிழிவுக்கும் பயன்படுத்த என்ன தடை?

இத்தீவுகளுக்குச் சட்டப்பேரவை இல்லை. நிர்வாகம் மத்திய அரசின் நேரடிப் பொறுப்பு. 1952-இல் இத்தீவுகளின் முதல் மக்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டவர் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். கார் நிகோபார் மருத்துவமனை இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 543 உறுப்பினர்கள் கொண்ட அவையில் இன்றும் அத்தீவுகளின் குரல் ஒன்றுதான். அங்கு வாழ்வோரில் ஏறத்தாழ ஏழில் ஒருவரின் தாய்மொழி தமிழ் என்பதால், தமிழக உறுப்பினர்கள் அக்குரலுக்கு வலுச் சேர்க்கலாம். எத்தனை பேர் கால் இழக்கிறார்கள், எத்தனை சுகாதார நிலையங்களில் பாதம் பரிசோதிக்கப்படுகிறது என்ற இரண்டு கேள்விகளை அவையில் எழுப்பினாலே போதும். பதில் தேடும்போதாவது கணக்கெடுப்பு தொடங்கும்.