ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரை

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தை உலுக்கிய அந்தச் செய்தி பலருக்கு நினைவிருக்கும். சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகைக்காக ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு கர்ப்பிணிக்கு, அந்த ரத்தத்தின் வழியாகவே எச்.ஐ.வி. தொற்றியது. அடுத்த மாதம் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் அவருக்குக் குழந்தை பிறந்தது. பிறகு நடந்த பரிசோதனையில் குழந்தைக்குத் தொற்று இல்லை என்று தெரிந்தது. மாவட்டமே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. மருந்தே கொடுக்காவிட்டால், எச்.ஐ.வி. உள்ள தாய்மார்களின் குழந்தைகளில் 100க்கு 15 முதல் 45 பேர் வரை தொற்றுக்கு ஆளாவார்கள். தாய் முறையாகக் கூட்டு மருந்து சாப்பிட்டால் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும்.

'தொற்று இல்லை' என்றதும் பத்திரிகைகளும் நாமும் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். ஆனால் திருச்சுழி, நரிக்குடி பக்கத்துக் கிராமத்தில் இப்படி ஒரு குழந்தை பிறந்தால், அதன் நுரையீரலுக்கு முதல் ஆறு மாதம் கண்டம்தான். தொற்று ஏற்பட்ட குழந்தைக்கு நிமோனியா வரும் வாய்ப்பு மிக அதிகம் என்பது தெரிந்ததுதான். தொற்று ஏற்படாமல் தப்பித்த குழந்தைக்கும் மற்றக் குழந்தைகளைவிட அதிகம் என்பதைத்தான் நாம் பேசுவதே இல்லை.

தொற்று ஏற்பட்ட குழந்தையைத் தாக்குவதில் கொடியது நிமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை. 1981 ஜூன் 5 அன்று, லாஸ் ஏஞ்சலஸில் 5 இளைஞர்களுக்கு இந்த அபூர்வ நிமோனியா வந்திருப்பதாக அமெரிக்க அரசின் மருத்துவ வார இதழ் எழுதியது. எய்ட்ஸ் பற்றி மருத்துவ உலகம் படித்த முதல் குறிப்பு அதுதான். இந்தப் பூஞ்சை காற்றில் பரவுகிறது. பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதுக்குள் இதைச் சந்தித்துவிடுகிறார்கள். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. எதிர்ப்புச் சக்தி குலைந்த குழந்தையிடம் மட்டும் அது நுரையீரலின் காற்றறைகளை நிரப்பிவிடும், பெரும்பாலும் மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையே. காய்ச்சல் லேசாகத்தான் இருக்கும், சில நேரம் இருக்கவே இருக்காது. ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டாலும் நெஞ்சு சுத்தமாக இருப்பது போலவே தோன்றும். குழந்தைக்கு மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும், ஆக்சிஜன் இறங்கும், உதடு நீலம் பாரிக்கும்.

1988 வரை இதை ஒட்டுண்ணி வகை என்றே நினைத்திருந்தார்கள். மரபணுவை ஆராய்ந்த பிறகுதான் பூஞ்சை என்று உறுதியானது. ஆனாலும் வழக்கமான பூஞ்சை மருந்துகள் பல இதனிடம் பலிக்காது. அந்த மருந்துகள் குறிவைக்கும் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு இதன் உறையில் இல்லை. கை கொடுத்தது நம்மூர் மருந்துக்கடையில் செப்ட்ரான் என்று கேட்டு வாங்கும் கோட்ரிமாக்சசோல். மலிவான, பழைய மருந்து. தினமும் சிறிய அளவு கொடுத்தால் நோயே வராமல் தடுக்கலாம் என்று 1977இல் மெம்ஃபிஸ் நகரில் புற்றுநோய்க் குழந்தைகளிடம் வால்டர் ஹியூஸ் நிரூபித்தார்.

சரி, தொற்று இல்லாத குழந்தைக்கு என்ன வந்தது? தாய் தன் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்களைத் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குக் கொடுத்தனுப்புகிறாள். முதல் சில மாதங்களுக்கு அதுதான் குழந்தைக்குக் கட்டுச்சோறு. எச்.ஐ.வி. உள்ள தாயிடமிருந்து அது குறைவாகவே வந்து சேர்கிறது. அதோடு குறைமாதப் பிரசவமும் எடைக்குறைவும் சேர்ந்துகொள்கின்றன. தென்னாப்பிரிக்காவின் பார்ல் நகர் அருகே டிராக்கன்ஸ்டைன் பகுதியில் கர்ப்ப காலம் தொட்டுக் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், தொற்றில்லாத இந்தக் குழந்தைகளும் முதல் ஆறு மாதத்தில் நெஞ்சுத் தொற்றோடு மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்று தெரிந்தது.

இந்தக் குழந்தைக்குப் பரிசோதனை, மருந்து, தடுப்பூசி எல்லாம் ஒன்றுகூடும் நேரம் ஆறாவது வாரம். தாயின் எதிர்ப்புப் புரதங்கள் குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரைகூடத் தங்கும் என்பதால், பெரியவர்களுக்குச் செய்யும் சாதாரணப் பரிசோதனை இங்கே உதவாது. வைரஸின் மரபுப்பொருளையே தேட வேண்டும். எச்.ஐ.வி. பரிசோதனைக்கான அரசின் நம்பிக்கை மையத்தில் குழந்தையின் குதிகாலை இதமாகச் சூடாக்கி, ஊசியால் குத்தி, தனித்தாளில் அச்சிட்ட வட்டங்களில் ஒவ்வொரு சொட்டாக விடுகிறார்கள். தாள் நிழலில் காய்ந்த பிறகு ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு உறையிலிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். செப்ட்ரான் சிரப் தொடங்குவதும் அப்போதுதான். பென்டாவேலன்ட் ஊசியும், தமிழகத்தில் 2021 ஜூலை முதல் இலவசமாகப் போடப்படும் நிமோகாக்கல் ஊசியும் அந்த வாரத்திலேயே. முடிவு நல்லதாக வந்தாலும் சிரப்பை நிறுத்தக் கூடாது. தாய்ப்பால் குடிக்கும்வரை தொற்றும் வாய்ப்பு இருக்கிறது. 18வது மாதப் பரிசோதனையில் உறுதிசெய்த பிறகே மருத்துவர் நிறுத்தச் சொல்வார்.

அப்படியானால் தாய்ப்பாலே வேண்டாமே என்று பயந்து புட்டிப்பாலுக்கு மாறுபவர்கள் உண்டு. போட்ஸ்வானாவில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், ஏழாம் மாதத்துக்குள் இறந்த குழந்தைகள் புட்டிப்பால் குடித்தவர்களில் 9.3 சதவீதம். தடுப்பு மருந்தோடு தாய்ப்பால் குடித்தவர்களில் 4.9 சதவீதம். வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் புட்டி வழியே வந்தன. குடிநீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் நம் வறண்ட சீமையில் புட்டியைக் கழுவிக் கொதிக்கவைக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும்? தாய் மாத்திரையை விடாமல் சாப்பிட்டுக்கொண்டு, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதுதான் சரி.

"சளி கட்டியிருக்கு நர்சம்மா, ரெண்டு நாளாப் பால் சரியாக் குடிக்கல" என்று ஒரு தாய் சொன்னால், சட்டையைத் தூக்கி மூச்சை எண்ண வேண்டும். குழந்தை அழாமல் இருக்கும்போது முழுதாக ஒரு நிமிடம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே ஆபத்து. விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினால் வசம்பு, சுட்டெண்ணெய் என்று தாமதிக்காமல் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அங்கே போனதும் ஒரு சிக்கல் இருக்கிறது. சாதாரண நிமோனியா என்று நினைக்கும் மருத்துவர் அமாக்சிசிலின் கொடுப்பார். நிமோசிஸ்டிஸ் அதற்கு அசையாது. அதற்கு வேண்டியது செப்ட்ரான்தான், அதுவும் தடுப்புக்குக் கொடுப்பதைப் போலப் பல மடங்கு. அந்தச் சந்தேகம் மருத்துவருக்கு வர வேண்டுமென்றால் தாய் தன் நிலையைச் சொல்லியாக வேண்டும். வரிசையில் பக்கத்து ஊர்க்காரர்கள் நிற்கும்போது எப்படிச் சொல்வாள்? 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டத்தின்படி, அவளுடைய சம்மதம் இல்லாமல் அந்தத் தகவலை வெளியிடக் கூடாது. அதைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதையும் சட்டம் தடுக்கிறது. கதவைச் சாத்திவிட்டுத் தனியாகக் கேட்க வேண்டியது மருத்துவரின் வேலை. எச்.ஐ.வி. கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துச் சீட்டைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு மடித்து எடுத்துவந்து, வாய் திறக்காமல் நீட்டினாலும் போதும்.