கடைக்குப் போனா சான்று வேணும்

சிதம்பரம் பக்கம் கூட்டங்களுக்குப் போனால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி: “நம்ம சீரகச் சம்பாவை இயற்கை அரிசின்னு விக்கச் சான்று வேணுமா?” யாருக்கு விற்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வயலில் விளைவிக்கிற உழவரைத் தொடுவதில்லை. 2018 ஜூலை முதல் கட்டாயமான இயற்கை உணவு விதிகளும், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு உழவர், சாப்பிடுகிறவருக்கே நேராக விற்றால் சான்று கேட்பதில்லை. ‘ஜைவிக் பாரத்’ முத்திரையை மட்டும் பையில் போடக்கூடாது.

அதே மூட்டை கடலூர்க் கடைக்குப் போய் ‘இயற்கை’ என்று விற்பனையானால் கதையே வேற, சான்று கட்டாயம். இங்கதான் நம்மாளுங்க மாட்டிக்கிறாங்க. விஷம் தெளிக்கிறவர் எதையும் நிரூபிக்க வேண்டாம், தெளிக்காதவர் நிரூபிக்கணும். எனக்கு இது நியாயமாப் படல. ஆனாலும் உள்நாட்டு விற்பனைக்குப் பங்கேற்பு உறுதிச் சான்றான பி.ஜி.எஸ். போதும். பக்கத்து உழவர்கள் குறைந்தது 5 பேர் குழுவாகி, ஒருத்தர் வயலை ஒருத்தர் பார்த்து உறுதி சொல்கிற முறை.

அவல், மாவு என்று பொட்டலம் போட்டு விற்கிறவர்கள் தனியாக உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுக்கணும். சிறு வியாபாரத்துக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான். அந்தப் பதிவு இயற்கைச் சான்று ஆகாது. ரெண்டும் வேற வேற.