ஒரு கணக்கு, பல விடைகள்: எல்லை கண்டு தீர்வு காண்போம்

பெரம்பலூர் மாவட்டத்தின் செட்டிகுளம் பகுதி சின்ன வெங்காயத்துக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள மாணவர்களுக்கு இப்படியொரு கணக்கைத் தரலாம்: 100 கிலோ வெங்காயத்தை 5, 10, 25 கிலோ பைகளில் மீதமின்றி நிரப்ப வேண்டும். மொத்தம் 10 பைகள். ஒவ்வொரு வகையிலும் ஒன்றாவது வேண்டும். எத்தனை வழிகள்?

பைகளின் எண்ணிக்கையை முறையே அ, ஆ, இ என்க.

அ + ஆ + இ = 10
5அ + 10ஆ + 25இ = 100

மாறிகள் மூன்று, சமன்பாடுகள் இரண்டு. பத்தாம் வகுப்பில் பழகிய நீக்கல் முறை மட்டும் இங்கே போதாது. ஆனால் பைகள் இயல் எண்களாகவே இருக்க முடியும். அந்த நிபந்தனைதான் நமக்குக் கைகொடுக்கும். இரண்டாம் சமன்பாட்டை 5 ஆல் வகுத்து, அதிலிருந்து முதலாவதைக் கழித்தால் ஆ + 4இ = 10. ஆ குறைந்தது 1 என்பதால், இ 2-ஐத் தாண்டாது. இ = 1 எனில் (3, 6, 1); இ = 2 எனில் (6, 2, 2). விடைகள் இரண்டே, மூன்றாவது இல்லை என்பதும் இதிலேயே நிறுவப்பட்டுவிட்டது.

மகாவீரரின் பறவைகள்

கி.பி. 850 வாக்கில் வாழ்ந்த மகாவீரரின் கணித சார சங்கிரகத்தில் இவ்வகைக் கணக்கு உண்டு. இந்நூல் 1912இல் மு. ரங்காச்சாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் சென்னையில் அச்சானது. 3 பணத்துக்கு 5 புறா, 5 பணத்துக்கு 7 கொக்கு, 7 பணத்துக்கு 9 அன்னம், 9 பணத்துக்கு 3 மயில். 100 பணத்துக்கு 100 பறவைகள் வாங்க வேண்டும்.

ஒவ்வொரு வகையிலும் வாங்கும் தொகுதிகளைப் பு, கொ, அ, ம என்க.

5பு + 7கொ + 9அ + 3ம = 100
3பு + 5கொ + 7அ + 9ம = 100

கழித்துச் சுருக்கினால் பு + கொ + அ = 3ம. இதை முதல் சமன்பாட்டில் பயன்படுத்தினால் 9ம + கொ + 2அ = 50. கொ + 2அ குறைந்தது 3; எனவே ம 5-க்கு மேல் போகாது. மேலும் கொ + 2அ என்பது 6ம-ஐ விடக் குறைவு; ஆகவே 15ம > 50, அதாவது ம குறைந்தது 4. சோதிக்க வேண்டியவை இரண்டே மதிப்புகள். ம = 4 எனில் அ = 3, 4, 5, 6; ம = 5 எனில் அ = 1, 2. மொத்தம் ஆறு விடைகள். அவற்றுள் ஒன்று: 15 புறா, 28 கொக்கு, 45 அன்னம், 12 மயில்.

வகுப்பறையில்

விடைக்குறிப்பில் ஒரு விடை மட்டும் இருந்தால், வேறொரு சரியான விடையை எழுதிய குழந்தை மதிப்பெண் இழக்கும். தான் நினைத்ததே தவறு என்றும் நம்பிவிடும். எனவே வினாவிலேயே “எல்லா விடைகளையும் காண்க, வேறு இல்லை என்பதற்குக் காரணம் கூறுக” என்று கேட்போம். காரணத்துக்கும் மதிப்பெண் ஒதுக்குவோம். பெரிய கெழு உள்ள மாறியை முதலில் எடுக்கப் பழக்கினால், சோதிக்க வேண்டியவை வெகுவாகக் குறையும்.

அடுத்த வகுப்புக்கு ஒன்று: பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பேருந்துக் கட்டணம் 35 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2, 5, 10 ரூபாய் நாணயங்களில் ஒவ்வொன்றும் ஒன்றாவது இடம்பெறுமாறு எத்தனை வழிகளில் கொடுக்கலாம்? ஐந்து ரூபாய் நாணயங்கள் ஒற்றைப்படையில்தான் இருக்க முடியும் என்பதை மாணவர்களே கண்டறியட்டும். விடை: மூன்று வழிகள்.