கரிசல் வெயிலுக்கு எந்த ஜீன்ஸ்?

ஜீன்ஸ் எடுக்கப் போனால் முதலில் இடுப்பு எண்ணைக் கேட்கிறோம், பிறகு கண்ணாடி முன் நின்று பார்க்கிறோம். இரண்டும் நிற்கிற உடம்புக்கான சோதனைகள். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து அன்றாடமோ பைக்கில் கால் அகட்டி உட்காருவது, தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுவது, மல்லிகைத் தோட்டத்தில் குனிந்து நிமிர்வது, வரப்போரம் குத்தவைத்துப் பேசுவது என்று மடங்கிக்கொண்டே இருக்கிறது. முழங்கால் முழுதாக மடங்கும்போது அதன் மேல்தோல் நீளவாக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விரிகிறது. வெறும் பருத்தி டெனிம் அவ்வளவு இழுபடாது. இடுப்பிலிருந்தும் கணுக்காலிலிருந்தும் துணி நகர்ந்து வந்துதான் குறையை ஈடுகட்ட வேண்டும். தொடை இறுக்கமாக இருந்தால் துணி நகராது. பின்பக்கம் இடுப்புப் பட்டி கீழே சரியும், கவட்டுத் தையலில் பாரம் ஏறும். எனவே பொருத்தத்தைத் தீர்மானிப்பது தொடைச் சுற்றளவும், கவட்டிலிருந்து பட்டி வரையுள்ள உயரமும்தான். இடுப்பு எண் அதற்குப் பிறகே வரும்.

வெயிலும் இதையே சொல்கிறது. சினாய் பாலைவனத்து பெதூயின் மக்கள் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்று ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1980இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. கறுப்பு அங்கி வெள்ளையைவிட அதிக வெப்பத்தை உள்வாங்கியது; ஆனால் உடம்புக்குப் போய்ச் சேர்ந்த வெப்பம் இரண்டிலும் ஒன்றுதான். தளர்வான அங்கிக்குள் ஓடிய காற்று, மிகையான சூட்டைத் தோலை எட்டுமுன் வெளியேற்றிவிட்டது. ஜீன்ஸ் அங்கியல்ல, இடுப்பில் மூடியது. ஆனாலும் தொடையும் காலும் தளர்ந்திருந்தால், நடக்கும் ஒவ்வோர் எட்டிலும் துணி துருத்தி போல விரிந்து சுருங்கி ஈரக்காற்றைத் தள்ளும், வியர்வை ஆவியாக வழி கிடைக்கும். தோலோடு ஒட்டிய துணியில் இது நடக்க இடமே இல்லை. நிறத்தைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்கு நாம் தளர்வைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

ஸ்ட்ரெச் துணி வந்த பிறகு இறுக்கம் ஒரு குறையா என்று கேட்கலாம். நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு எலாஸ்டேன் கலந்தால் முழங்கால் மடங்குவது எளிதாகும் என்பது உண்மை. ஆனால் அது துணியை எந்நேரமும் சதையோடு அழுத்தி வைக்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், வீடு மாற்றும் வேலையில் இறுக்கமான ஜீன்ஸோடு மணிக்கணக்கில் குத்தவைத்திருந்த 35 வயதுப் பெண்ணுக்குக் கால்கள் மரத்து, வீங்கி, மருத்துவமனையில் ஜீன்ஸை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மருத்துவ இதழில் 2015இல் பதிவான நிகழ்வு இது. அரிதான ஒன்றுதான். ஆனால் குத்தவைப்பது வழக்கமாக உள்ள ஊர்களில் அதை ஒதுக்கிவிட முடியாது. தவிர, எலாஸ்டேன் சூட்டில் தளரும். கொதிக்கும் மாடி வெயிலும் சூடான இஸ்திரியும் அதற்குப் பகை.

இந்த வெக்கைக்கு ஜீன்ஸே வேண்டாம், கைலி போதாதா என்ற மறுப்பில் நியாயம் அதிகம். வீட்டுக்குள் கைலியை வெல்ல எதுவும் இல்லை. ஆனால் சீமைக்கருவேல முள்ளுக்கும் பைக் சங்கிலிக்கும் முன்னால் அது நிற்காது. டெனிம் நிற்பதற்குக் காரணத்தை இந்த நெசவு ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: மூன்று ஊடைக்கு மேல் ஏறி ஒன்றுக்குக் கீழ் இறங்கும் பாவு, தடித்த நூல், நெருக்கமான அடிப்பு. பாவு மட்டும் அவுரி நீலம், ஊடை வெள்ளை. அந்தச் சாயமும் நூலின் மேற்புறத்தில்தான் தங்கும், அதனால்தான் தேய்ந்த இடம் வெளுக்கிறது. தடிமனே உழைப்பு என்று நினைத்து 14 அவுன்ஸ் துணிக்குப் போக வேண்டாம். அது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 475 கிராம். 8 முதல் 10 அவுன்ஸ், அதாவது 270 முதல் 340 கிராம், இங்கே போதும். உள்தொடை உரசலில் கிழிவதைத் தள்ளிப்போடுவதில் தளர்வுக்கும் பங்குண்டு.

தொடைக்குச் சரியாக எடுத்தால் இடுப்பு பெரிதாகிவிடுமே என்றால், அதற்குத்தான் தையல்காரர் இருக்கிறார். இடுப்பை அவர் பிடித்துத் தருவார். இல்லாத துணியைத் தொடையில் சேர்க்க அவராலும் முடியாது. அர்விந்த் மில்ஸ் 1995இல் ‘ரஃப் அண்ட் டஃப்’ என்று தைக்காத டெனிம் துணியோடு ஜிப், ரிவெட் எல்லாம் சேர்த்துப் பொட்டலமாக விற்றபோது, சிற்றூர்த் தையல்காரர்களை நம்பித்தான் இறங்கியது. அவரவர் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த அந்த ஜீன்ஸ், இன்றைய ரெடிமேடைவிட நல்ல யோசனை என்றே நினைக்கிறேன். இப்போதும் அளவு திருத்தக் கொடுக்கிறவர்கள் இடுப்பை மட்டும் முதலில் பிடிக்கச் சொல்லுங்கள். பருத்தி டெனிம் நீளவாக்கில் சுருங்கும். ஒருமுறை துவைத்துக் காயவைத்து, குத்தவைத்துப் பார்த்த பிறகு கால் மடிப்பை வெட்டிக்கொள்ளலாம்.