ஊசி இல்லை, சாயம் இல்லை... கண்ணுக்குள் ரத்தக் குழாய் தெரிவது எப்படி?

சர்க்கரை நோய் உள்ள என் அம்மாவுக்கு ஒரு முறை கையில் ஊசி போட்டு, ஃப்ளூரசீன் என்ற சாயத்தை ஏற்றி, விழித்திரையின் ரத்தக் குழாய்களைப் படம் எடுத்தார்கள். ஒரே குமட்டல். அன்று முழுவதும் தோல் மஞ்சளாக இருந்தது. அடுத்த முறை ஊசியே இல்லை! மோவாயை மெஷினில் வைத்து ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னார்கள். சில விநாடிகளில் மானிட்டரில் ரத்தக் குழாய்கள் வலை போல வந்துவிட்டன. இதன் பெயர் ஓ.சி.டி. ஆஞ்சியோகிராபி. சாயம் இல்லாமல் எப்படித் தெரிகிறது? பாதி வேலை சாப்ட்வேருடையது.

இதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்க்கலாம். டிஜிட்டல் கேமராவை மேஜை மீது அசையாமல் வைத்து, ஒரே இடத்தை இரண்டு முறை படம் எடுங்கள். இடையில் யாராவது ஒருவர் சற்று நகரட்டும். இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் புரோகிராமில் முதல் படத்தைத் திறந்து, ஃபைல் மெனுவில் 'ஓபன் ஆஸ் லேயர்ஸ்' மூலம் இரண்டாவதை அதன் மேல் கொண்டு வாருங்கள். லேயர் பெட்டியில் மோட் என்பதை 'டிஃபரன்ஸ்' ஆக்குங்கள். சுவர், அலமாரி எல்லாம் ஏறக்குறைய கறுப்பாகிவிடும். நகர்ந்தவர் மட்டும் தெரிவார். ஒரே எண்ணிலிருந்து அதே எண்ணைக் கழித்தால் பூஜ்யம். கம்ப்யூட்டருக்குப் பூஜ்யம் என்றால் கறுப்பு. அவ்வளவுதான்.

கண்ணிலும் இதே கதைதான். ஓ.சி.டி. முறையை 1991ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் புஜிமோட்டோ குழுவினர் வெளியிட்டனர். அகச்சிவப்பு ஒளியைக் கண்ணுக்குள் அனுப்பி, அது எந்த ஆழத்திலிருந்து திரும்புகிறது என்று கணக்கிடுவார்கள். ஆழமும் கிடைப்பதால்தான் படம் முப்பரிமாணத்தில் வருகிறது. சில மில்லி விநாடி இடைவெளியில் அதே இடத்தை மறுபடி ஸ்கேன் செய்தால், சதை அப்படியே இருக்கும். ரத்த அணுக்கள் நகர்ந்திருக்கும். வித்தியாசம் உள்ள இடமே ரத்தக் குழாய்! ஆரிகனில் யாலி ஜியா, ஹுவாங் குழுவினர் இதற்கான வேகமான கணக்கு முறை ஒன்றை 2012ல் வெளியிட்டனர்.

ஆரம்ப கால மெஷின் ஒன்றில் 304 x 304 புள்ளிகள், ஒவ்வொன்றும் இரண்டு முறை. மொத்தம் 1,84,832 அளவீடுகள். விநாடிக்கு 70,000 என்பதால் 3 விநாடிக்குள் முடிந்துவிடும்.

குறைகளும் உண்டு. குழாயிலிருந்து கசியும் ரத்தம் ஓடாததால் தெரியாது; அதற்குச் சில சமயம் பழைய சாயம்தான் வேண்டும். ரத்தம் மிக மெதுவாக ஓடினாலும் அந்த இடம் கறுப்பாகவே இருக்கும். கண் அசைந்தால் எல்லாமே நகர்ந்ததாகக் கணக்காகி வெள்ளைக் கோடு விழும்.

அம்மாவின் படத்தில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. "அம்மா கண் சிமிட்டிட்டாங்க சார்" என்றார் டெக்னீஷியன். மறுபடி எடுத்தார், கோடு இல்லை.