கிள்ளானின் அரை மணி
கிள்ளானில் 1975-இல் காலை ஆறு மணிக்குப் பிறந்தவருக்குப் பிரிக்பீல்ட்சில் கணினிவழிச் சாதகம் கணித்தால், இலக்கினம் தவறிப்போக இடமுண்டு. அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் கிரீனிச்சுக்கு ஏழரை மணியே முந்தியிருந்தது. சபா, சரவாக்குடன் ஒத்துப்போக 1982 சனவரி முதல் நாளில் எட்டாயிற்று.

லினக்சு 1970 முதல் நொடிகளை எண்ணும். விண்டோசு 1601 முதல், நொடியைக் கோடிக் கூறாக்கி எண்ணும். ஒன்றுக்காக எழுதிய மென்பொருளை மற்றதற்கு மாற்றுவோர்க்கு இது வெறும் கழித்தல் கணக்கே. இடர் வேறிடத்தில். ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிய, எவரும் விலையின்றி எடுத்தாளத்தக்க நேரமண்டலத் தரவுத்தொகுப்பைத் துணைக்கொள்வதால் லினக்சு 1982-இன் மாற்றத்தை அறியும். விண்டோசின் சொந்த அட்டவணையோ பழைய நாளுக்கும் எட்டு மணியையே கழிக்கும். ஆறு மணிப் பிறப்பு ஐந்தரையாகிவிடும். சாதகம் கிடக்கட்டும், பழைய பதிவேடு எதற்கும் இதே கதிதான். ஆதலின் கட்டற்ற மென்பொருள்கள் பலவும் விண்டோசுக்குப் பெயரும்போது அத்தொகுப்பின் படியொன்றைத் தம்முடனேயே கொண்டுசெல்கின்றன.